நான் ஒட்டச் சொன்ன பொட்டலங்கள்

அண்ணாச்சி பொட்டலம் கட்டும்போது ஒரு முனையை மட்டும் ஒட்டாமல் விடுவார். பழுப்புத் தாளைச் சுற்றி, சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, திறந்த ஓரத்தில் புத்தகத்தின் விளிம்பு தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். குறைந்த கட்டணத்தில் புக் போஸ்டாகப் போகிற எதையும் தபால்காரர்கள் எடுத்துப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது விதி. வலியசாலையில் எங்கள் சங்கத்தின் மாடி அறையில் பதினெட்டு வருடம் அவர் அப்படித்தான் கட்டினார். டர்பனிலும் மொரீஷியஸிலும் இருந்த தமிழ்க் குழந்தைகளுக்கு மாதம் ஒரு பாடம் அனுப்பிக்கொண்டிருந்தோம். நான் கல்லூரியில் ஓய்வு பெற்றபின் வந்த செயலாளர். அவர் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர். சங்கத்தில் சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஜூன் மாத இடவப்பாதி மழையில் அனுப்பிய பாடங்கள் நனைந்து வந்ததாக ஒரு தாய் எழுதியிருந்தார். நான் நேராக மாடிக்குப் போய், இனி நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும் என்றேன். அண்ணாச்சி கையிலிருந்த சணலைக் கீழே வைத்தார்.

“ஒட்டுனா புக் போஸ்ட்டுல சேக்க மாட்டான் சாரே. கடுதாசின்னு கணக்கு வச்சு, ஸ்டாம்பு போராதுன்னு எங்கயாவது தூக்கிப் போட்ருவான். பிள்ளையளுக்குப் போயி எத்தாது.”

விதியை எடுத்துப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் வகுப்பில் மற்றவர்களைத் திருத்தியே பழகியவன் நான். சொன்னதைச் செய்யும்படி சொன்னேன். அவர் செய்தார்.

நாலு மாதப் பாடங்கள் போய்ச் சேரவில்லை. புகார்க் கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வந்தன. கமிட்டி கூடியபோது, புத்தகங்களை அண்ணாச்சி எடைக்குப் போட்டுவிட்டாரோ என்று ஓர் உறுப்பினர் சிரித்துக்கொண்டே கேட்டார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கதவருகே நின்று, “சார் ஒட்டச் சொன்னாவ. ஒட்டுனேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் எச்சரித்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருந்தது. ஒட்டும்படி நான் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றேன்.

இனிப் பாடங்களை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம் என்ற யோசனையையும் அதே கூட்டத்தில் நானே சொன்னேன். அன்றைக்கே போய்ச் சேரும், நடுவில் யார் கையும் படாது என்றேன். யார் கையும் என்று நான் சொன்னபோது அவர் இன்னும் கதவருகேதான் நின்றுகொண்டிருந்தார்.

அதன்பின் பொட்டலம் கட்ட ஆள் தேவைப்படவில்லை. அண்ணாச்சி கத்திரிக்கோலையும் மாடி அறைச் சாவியையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகளின் புத்தகத்தை விற்றுத் தின்றவர் என்ற பேச்சு சாலைக் கடைத்தெருவரை போனது. ஆண்டு விழாவில் சங்கத்தைப் புதிய காலத்துக்குக் கொண்டுவந்தவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த வருடம் கப்பல் தபாலில் ஒரு சாக்கு திரும்பி வந்தது. உள்ளே எல்லாப் பொட்டலங்களும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. மூடப்பட்டது, கட்டணம் போதாது என்று ஒவ்வொன்றின்மேலும் எழுதியிருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஆட்டோவில் ஏற்றி, வீட்டுப் பரணில் போட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் அண்ணாச்சியைத் தேடிப் போகத் துணிந்தேன். கரமனையில் மகள் வீட்டில் இருந்தார். சாக்கு திரும்பி வந்ததைச் சொன்னேன்.

“திரும்பி வரும்னு தெரியும் சாரே. அதுக்குள்ள நான் போயிருவனோன்னுதான் பேடி, ஒரே பயம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கமிட்டியில ஒரு வார்த்த சொல்லுவியளா? மருமவன் முன்னால இருந்து சோறு திங்க முடியல.”

சொல்கிறேன் என்றேன்.

கமிட்டிக்கான மாத அறிக்கையையும் அப்போது மின்னஞ்சலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வரி போதும். எழுதினேன், பொன்னாடை போர்த்தியவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன, அழித்தேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அண்ணாச்சி அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். மாதம் தவறாமல் நானும் அந்த ஒரு வரி இல்லாமல் அறிக்கை அனுப்பினேன். ஒன்றுகூட வழியில் தொலையவில்லை.