கடற்கரைக் கச்சேரியின் ஒரே கேசட்

நேற்று மாமல்லபுரத்தில் ஒரு விடுதி வாசலைக் கடந்தபோது, உள்ளே யாரோ எலெக்ட்ரிக் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் பத்து வயதுக்குத் திரும்பிவிட்டேன்.

அப்போது திருப்போரூரில் குடியிருந்தோம். மேரி அக்கா கல்லூரி ராக் குழுவில் கிடார் வாசித்தாள். அவர்களுடைய கடற்கரைக் கச்சேரியை உள்ளூர் கேபிள் டிவி நேரடியாகக் காட்டியது. கேபிள்காரர் பதிவு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு வி.சி.ஆரில் நான் பதிந்த கேசட் மட்டுமே மிஞ்சியது. அக்கா அதைத் தாவணிகளுக்கு நடுவே ஒளித்திருந்தாள். எடுத்தால் பாச்சை உருண்டை மணக்கும்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய சமயம். ஒருநாள் அப்பா என்னை மடியில் இழுத்துக்கொண்டார்.

"அக்கா வாசிச்சத நானும் பாக்க வேணாவா? கேசட்டு எங்க கீது கண்ணு?"

பெருமையாக ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன்.

மறுவாரம் அக்கா அதைப் போட்டாள். திரையில் கச்சேரிக்குப் பதிலாக நான் தினமும் பார்க்கும் கார்ட்டூன் ஓடியது. அப்பாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அதன்பின் கிடாரைத் தொடவில்லை.

விடுதி வாசலில் நின்றபடியே அவளுக்குப் போன் செய்தேன்.

"அப்பா கேட்டாருன்னுதான்கா அன்னிக்கி அந்தக் கேசட்ட குடுத்தேன்."

"இன்னாடி சொல்ற? நீதான் அழிச்சன்னாரு. உன்ன கேக்கக் கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிகினாரு."

அப்பாவின் கடைசி மூன்று வருஷமும் நான்தான் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டேன். அப்போதும் அவர் சொல்லவில்லை.