பூசணமா, பூசணியா?

நல்லம்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் என் பங்குக்கு வந்த கால் ஏக்கருக்கு எங்கள் சொந்தத்தில் வைத்திருந்த பேர் ‘ஆயில் காடு’. அப்பா காலத்தில் லாரிப் பட்டறைக்கு வாடகைக்கு விட்ட இடம். பழைய இன்ஜின் ஆயிலையெல்லாம் அங்கேயே கொட்டிக் கொட்டி, பட்டறை காலி செய்தபோது மண் தார்போல ஆகிவிட்டது. புல் முளைக்காது. கோழிகூடக் கிளறாது.

இரண்டு லாரி ஓட்டும் என் அண்ணனுக்கு அதன்மேல் ஒரு கண்.

“சும்மாத்தான கெடக்குது பாப்பா. சிமெண்ட்டப் போட்டு வண்டிய நிறுத்திக்கறன்.”

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் சிமெண்ட் போட்டால் அது அத்தோடு முடிந்தது. அப்பா எனக்கென்று கொடுத்த ஒரே மண் அது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தது. “அதுல வெள்ளாம வெச்சுக் காட்டறன் பாருங்க” என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் சிரித்தார். “ஆயுத பூஜைக்குள்ள அதுல ஒரே ஒரு காய் காய்ச்சாலும் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டன். இல்லைனா சிமெண்ட்டுதான்.”

அப்போது தை மாதம்.

பென்னாகரம் ரோட்டில் குடில் போட்டுச் சிப்பிக்காளான் வளர்க்கும் ஓர் அக்காதான் வழி சொன்னார். காளான் எடுத்து முடித்த பைகளில் மிஞ்சும் வைக்கோலில் வெள்ளை நூலாகப் பூசணம் படர்ந்திருக்கும். அதை எண்ணெய் மண்ணில் கலந்து, ஈரம் காயாமல் மூடி வைத்தால், அந்தப் பூசணம் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம்.

“ஆனா அங்க வெளையற எதையும் இப்போதைக்குத் திங்காதீங்க. அவசரமும் படாதீங்க” என்றார். முதலாவது எனக்குச் சுலபம்.

என் வீட்டுக்காரர் அன்று மொபெட்டில் தருமபுரிக்குப் போயிருந்தார். போனில் கத்தினேன். “ஏங்க, ஆயில் காட்டுக்குப் பூசணம் வேணும், ரெண்டு மூட்டை!” எங்கே போய் ஏற்ற வேண்டும் என்று சொன்னதைப் பஸ் ஸ்டாண்டு ஹாரன் விழுங்கிவிட்டது. “சரி சரி” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் வெறுங்கையோடு, நெற்றியில் குங்குமத்தோடு வந்து நின்றார்.

“பூசணம் எங்கங்க?”

“ரெண்டு பூசணியும் வர்ற வழியிலயே காட்டு மூலைல சுத்தி ஒடைச்சுட்டன். இத்தன வருசத்துத் திருஷ்டி, ஒண்ணு பத்தாதுன்னுதான ரெண்டு கேட்ட?”

நான் பேசிய பேச்சு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் அசரவில்லை. “கடைசி எழுத்துதான மாறிப்போச்சு” என்றபடி சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நானே போய் மூட்டைகளை ஏற்றி வந்தேன். இருவருமாக மண்ணைக் கொத்தி வைக்கோலைக் கலந்தோம். மூலையில் சிதறிக் கிடந்த பூசணித் துண்டுகளைப் பொறுக்கக் கோபம் விடவில்லை. அதுவும் சேர்ந்து உள்ளே போனது. மேலே கோணிச்சாக்கை விரித்துத் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தேன்.

மாசிக் கடைசியில் சாக்கைத் தூக்கினால் அடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பின்னியிருந்தது. எட்டிப் பார்த்த பக்கத்துக் காட்டம்மா, “ஐயோ, பூசணம் புடிச்சுப்போச்சே, வாரிக் கொட்டும்மா” என்று பதறினார். பூசணம் பிடித்ததற்குச் சந்தோஷப்பட்டவள் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்தேன். எண்ணெய் வாடைக்கு அடியில் லேசாக மண் வாசனை வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கோடை மழைக்குக் கேழ்வரகு விதைத்தேன். முளைத்து, மஞ்சளாகி, செத்துப்போனது. கொள்ளு போட்டேன். அதுவும் போனது. ஆடி பிறந்ததும் அண்ணன் சிமெண்ட் விலை விசாரிப்பதாகக் காதில் விழுந்தது. பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரம் களை மாதிரி ஏதோ மூலையில் படர்ந்திருப்பதைப் பார்த்து, பிடுங்கக் கை வைத்தேன். கொடி சுணையாகக் குத்தியது. சாம்பல் பூசணி! நான் விதைத்ததெல்லாம் சாக, வீட்டுக்காரர் உடைத்தது பிழைத்திருந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைக்கு என் பெரிய கவலை.

பூத்ததெல்லாம் உதிர்ந்து ஒன்றே ஒன்று நின்றது. புரட்டாசியில் அது சாம்பல் பூத்துத் திரண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அண்ணன் வந்தார். காயைச் சுற்றி வந்தார். குனிந்து தட்டிப் பார்த்தார்.

“பூசணம் பண்ண வேலை” என்றேன் நான்.

“பூசணி பண்ண வேலை மச்சான்” என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் காயையே பார்த்தார். “இதத் திங்கக் கூடாதில்ல?”

“கூடாதுண்ணா.”

“அப்ப எனக்குக் குடு பாப்பா. நாளைக்கு வண்டி முன்னால ஒடைக்கணும்.”

கொடுத்தேன். லாரி எண்ணெயில் விளைந்தது லாரிக்கு முன்னாலேயே உடைந்தது. கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் ரோட்டில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். துண்டில் முடிந்துகொண்டு வந்து என் கையில் வைத்தார். எல்லாம் விதை.

“இன்னும் மூணு மூல இருக்குதில்ல, போடு” என்றார்.