எண்ணெய் வைக்காமல் வரவும்

ஒரு மனிதரின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது, அவர் தலையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஈ.ஈ.ஜி. அறையில் வேலை பார்த்தேன். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்திருந்தேன். பசுமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். தலையில் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகளைப் பசை வைத்து ஒட்டி, அவற்றின் கம்பிகளை மிஷினில் செருகினால், எட்டுப் பேனாக்கள் ஓடும் காகிதத்தில் மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாக எழுதும். அதுதான் ஈ.ஈ.ஜி.

எங்கள் டாக்டரம்மா மனநோய் மருத்துவர். காரணமில்லாமல் பயந்து நடுங்குகிற குழந்தைகளின் மூளை அலையும் பெரியவர்களின் மூளை அலையும் மற்றவர்களுடையதிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணை மூடி நிம்மதியாக இருப்பவருக்கு ஒழுங்கான அலை வரும். பயந்தவருக்கு அந்த அலை மறைந்துவிடும். நெற்றியும் தாடையும் இறுகி, பேனாக்கள் கிறுக்கித் தள்ளும். ஆக, பயத்தை ஆராய எங்களிடம் இருந்த ஒரே கருவி, பார்த்தவுடன் யாரையும் பயப்பட வைக்கிற கருவி.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்து, தன் பெயரைக் கூப்பிட்டதும் வெளி வாசலைத் திரும்பிப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கூப்பிட்ட நானும் அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புது ஆளிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் இரண்டை விழுங்கிவிடுவேன்.

காய்ந்த தலை

சிம்மக்கல்லில் பருப்பு மண்டி வைத்திருந்தவர் ஒருவர். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோம் என்று தோன்றுமாம். இதய டாக்டர் ஒன்றுமில்லை என்று எங்களிடம் அனுப்பியிருந்தார். "சோப்புப் போட்டுத் தலைக்கு ஊத்திட்டு, எண்ணெய் வைக்காம வாங்க அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் நெற்றியில் எண்ணெய் வழிய வந்தார். ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டிய தகடு ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு காதுக்கு வந்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்த முறையும் எண்ணெய்தான். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

எண்ணெய் வைத்தால் மூளை அலை வராது என்று, சொல்ல வேண்டியதைப் பாதி விழுங்கி, அவருடன் வந்திருந்த மனைவியிடம் விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, காஞ்ச தலையோட சிம்மக்கல்லுலேர்ந்து இம்புட்டுத் தூரம் வந்தா, எதுக்க வாரவுக எல்லாம் யாரு வீட்டு எழவுன்னு கேப்பாக. நீயா வந்து பதில் சொல்லுவ?"

நாற்காலிக்கு அடியில்

கதவில் 'எண்ணெய் வைக்காமல் வரவும்' என்று எழுதி ஒட்டிய பிறகு வந்தவள் பாண்டியம்மாள். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐந்தாம் வகுப்பு. அப்பா கருப்பையா கரிசல் காட்டில் பருத்தி போடுகிறவர். வீட்டில், காட்டில், கிணற்றடியில் எல்லாம் நன்றாக இருக்கிற பிள்ளை, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் கை கால் உதறி, வேர்த்து, சில நாள் சுருண்டு விழுந்துவிடுவாள். பார்த்தவர்கள் வலிப்பு என்றார்கள். பள்ளிக்கூடத்தில், வலிப்புக்காரப் பிள்ளைக்கு எங்களால் பொறுப்பேற்க முடியாது, வலிப்பு இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா வெகுநேரம் விசாரித்துவிட்டு, "எனக்கு இது பயம்னுதான் படுது. ஆனா ஈ.ஈ.ஜி. பார்க்காம எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

பாண்டியம்மாளின் தலை எண்ணெய் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அதற்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் புடவைத் தலைப்பைப் பின் குத்திக்கொண்டு, கையில் பென்சிலோடு நின்ற என்னைப் பார்த்ததும் "டீச்சர்" என்றாள். அடுத்த நிமிடம் நாற்காலிக்கு அடியில் போய்விட்டாள். கெஞ்சிப் பார்த்தோம், மிட்டாய் கொடுத்துப் பார்த்தோம். மிட்டாயை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கருப்பையா தரையில் குத்துக்காலிட்டு, நாற்காலிக்கு அடியில் குனிந்து சொன்னார்: "வெளிய வா ஆத்தா. இது ஸ்கூலு இல்ல, ஆசுபத்திரி. இங்க ஊசிதேன் போடுவாக."

உப்புத் தண்ணீர்

மிஷினின் எர்த் கம்பி, அறைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு குழிக்குள் இறங்கியிருந்தது. மதுரை வெயிலில் குழி காய்ந்துவிட்டால் பேனாக்கள் மூளையை விட்டுவிட்டு மின்சார வாரியத்தை எழுத ஆரம்பிக்கும். அதனால் எங்கள் அட்டெண்டர் முத்தையா அண்ணன் தினமும் காலையில் அந்தக் குழியில் ஒரு கை உப்பைப் போட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். வாயில் வெற்றிலை இருப்பதால் பேச மாட்டார்; பார்ப்பவர்களுக்கு மிகவும் பவ்யமாகச் செய்வதுபோல் இருக்கும்.

ஒரு நாள் குழியோரத்தில் மஞ்சள், குங்குமம், இரண்டு முழம் மல்லிகை. பிறகு ஒரு எலுமிச்சம்பழம். முத்தையா அண்ணனிடம் விசாரித்தேன். "நான் வைக்கலம்மா. ஆனா எலுமிச்சம்பழத்தை நேத்து ஜூஸ் போட்டுட்டேன்" என்றார். வைத்தது யார் என்று அன்று மதியம் தெரிந்தது. மகனுக்கு ஈ.ஈ.ஜி. எடுத்துப் போன ஓர் அம்மாள், குழி முன்னால் கைகூப்பி நின்றுவிட்டு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "எந்தச் சாமின்னு மட்டும் சொல்லிருங்கம்மா, ஆடி பொறந்ததும் வந்து பொங்க வச்சிட்டுப் போயிருவோம்."

பயமில்லாத ஆள்

பயந்தவர்களோடு ஒப்பிட, பயமில்லாதவர்களின் அலையும் வேண்டும். டாக்டரம்மா அலமாரியில் மேல் தட்டைப் பயமில்லாதவர்களுக்கும் கீழ்த் தட்டைப் பயந்தவர்களுக்கும் ஒதுக்கியிருந்தார். கீழ்த் தட்டு நிரம்பி வழிந்தது. மேல் தட்டில் பல்லி முட்டையிட்டிருந்தது.

"நம்ம மாப்ள ஒருத்தன் இருக்கான், டவுன் பஸ் டிரைவர். சிம்மக்கல் நெரிசல்ல ஒத்தைக் கையால பஸ்ஸைத் திருப்புவான். பயம்னா என்னன்னே தெரியாது" என்று முத்தையா அண்ணன் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். நல்ல மீசை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கடைசிக் கம்பியைச் செருகியதும் சிரிப்பு நின்றது. பேனாக்கள் ஆளுக்கொரு திசையில் பாய்ந்தன. "மாப்ள, கண்ணை மூடுறா" என்றார் முத்தையா அண்ணன். ஒரு கண்ணை மட்டும் மூடினார். நாற்காலியின் கைப்பிடி கிறீச்சிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எதுக்கும் சொல்லி வச்சிருங்க தங்கச்சி, இதுல பிரேக்கு எங்கிட்டு இருக்கு?"

அவர் காகிதம் கீழ்த் தட்டுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் அறையில் யாரும் இல்லாத நேரத்தில் டாக்டரம்மா என்னையே உட்காரவைத்து, தன் கையால் தகடுகளை ஒட்டி எடுத்தார். எனக்கு அவரிடம் பயமில்லை; அழகான அலை வந்தது. மேல் தட்டில் பல்லி முட்டைக்குப் பக்கத்தில் என் மூளையை வைத்துவிட்டுச் சொன்னார்: "பயமில்லாதவங்களைத் தேடித் தேடி எனக்கே பயமா இருக்கு."

விடுமுறை முடிவதற்குள்

பாண்டியம்மாள் இரண்டாம் முறை வந்தபோது நாற்காலி மேல் உட்கார்ந்தாள். அது ஒரு முன்னேற்றம். தகடுகளையும் ஒட்டவிட்டாள். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். எட்டுப் பேனாக்களும் கருப்பு மையில் முள்வேலி போட்டன. வலிப்பு இருக்கிறதா இல்லையா என்று அந்த வேலிக்குள் யாராலும் பார்க்க முடியாது. "வாயை லேசாத் திறந்துக்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கருப்பையா வராந்தாவில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோடை விடுமுறை முடியப்போகிறது. அதற்குள் எழுதி வாங்காவிட்டால் பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிடுவார்கள். இன்னொரு முறை மட்டும் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "வாரேம்மா. அப்பவும் ஆகலைன்னா விட்டுருவோம். அவ வயசுச் சோட்டுப் புள்ளைக எல்லாம் பருத்தி எடுக்கப் போகுதுக. பருத்திச் செடி எந்திரிச்சு நின்னு வாசின்னு சொல்லாதுல்ல."

என் தலை

அந்த மூன்றாவது முறை அவர்கள் வந்தபோது டாக்டரம்மா வார்டில் இருந்தார். பாண்டியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு மாட்டுனா எனக்கும் மாட்டிக்கிறேன்" என்றாள். வாசலில் அவள் அப்பா, முத்தையா அண்ணன், அடுத்து எடுக்க வேண்டிய பருப்பு மண்டிக்காரர், அவர் மனைவி, எல்லோரும் நின்றார்கள். அத்தனை பேர் பார்க்கப் பூவை எடுத்துவிட்டுப் பின்னலை அவிழ்த்து நாற்காலியில் உட்காருவதைவிட, அன்றே வேலையை விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உட்கார்ந்தேன்.

தகடு ஒட்ட ஆள் இல்லை. "நீயே ஒட்டு" என்று பசைக் கிண்ணத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் விரலால் என் வகிட்டைத் தடவிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "எண்ணெய் இருக்கு டீச்சர். வைக்கக் கூடாதுன்னு கதவுல போட்டிருக்குல்ல?" பருப்பு மண்டிக்காரர் மனைவி, "கேளு, நல்லாக் கேளு" என்றார். பாண்டியம்மாள் ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, போன முறை என்னைப் பார்த்துக் கற்றபடி, என் மண்டை எரியும்வரை தேய்த்தாள். நான் விரலால் காட்டிய இடங்களில் ஒட்டினாள். காகிதம் ஓடும்போது நான் செய்வதை எல்லாம் ஓரத்தில் எழுதச் சொல்லிப் பென்சிலைக் கொடுத்தேன். அது எங்கள் வேலை முறை, இருமினால்கூட எழுதிவிடுவோம்.

முத்தையா அண்ணன் சுவிட்சைத் தட்ட, மிஷின் ஓடியது. கண்ணை மூடினேன். வாசலில் நின்றவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பேனாக்கள் கிறுக்கும் சத்தம் எனக்குப் பழக்கம். இது பஸ் டிரைவருக்கு வந்ததைவிட மோசம். பாண்டியம்மாள் எழுதிக்கொண்டே, எழுதியதை உரக்க வாசித்தாள்: "கண்ணை மூடினார். எச்சி முழுங்கினார். மறுபடி முழுங்கினார். டீச்சர் பயந்தார்." அறைக்குள் நின்று, அத்தனை பேர் முன்னால், கை உதறாமல் வாசித்தாள். கருப்பையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக என்னை வேறு மாதிரி கூப்பிட்டாள்: "அக்கா, பல்லைக் கடிக்காதீங்க. வாயை லேசாத் திறந்துக்கங்க."

பிறகு அவள் உட்கார்ந்தாள். வாயை லேசாகத் திறந்துகொண்டாள். கொஞ்ச நேரம் பேனாக்கள் முணுமுணுத்தன. பிறகு ஒழுங்கான அலை வந்தது. தலையின் பின்பக்கத்துக் கோடுகளில் வரிசையாக, நிதானமாக. டாக்டரம்மா வந்து முழுக் காகிதத்தையும் புரட்டிப் பார்த்தார். முன்பு விசாரித்ததையும் இதையும் சேர்த்து, இது வலிப்பு அல்ல, பயம், பள்ளிக்கூடத்துக்கு வரலாம், கொஞ்ச நாள் உட்கார்ந்தே வாசிக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதம் ஒரு முறை வந்து காட்டச் சொன்னார். கருப்பையா அந்தத் தாளை மடிக்காமல், கசங்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். பாண்டியம்மாள் வாசலில் நின்று திரும்பினாள்: "அக்கா, அடுத்து உங்களுக்கு எடுக்கிறப்ப சொல்லி விடுங்க, தொணைக்கு நான் வாரேன்."

என் இரண்டாவது காகிதத்தை, 'டீச்சர் பயந்தார்' என்ற சாட்சியத்தோடு டாக்டரம்மா கீழ்த் தட்டில் வைத்துவிட்டார். ஆகவே மேல் தட்டில் இடம் தாராளமாக இருக்கிறது, உங்களில் பயமே இல்லாதவர்கள் யாராவது இருந்தால் எண்ணெய் வைக்காமல் வரவும்.