சத்தம் வராத பெட்டி

எங்கள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்கு 'இன்னொருதரம் அக்கா' என்று பெயர் வைத்தவன் நான்தான். கத்தரிக்கோலை எண்ணி முடித்தால் இன்னொரு தரம், பஞ்சை எண்ணி முடித்தால் இன்னொரு தரம். வீட்டிலும் அப்படித்தானாம். கதவைப் பூட்டித் தெருமுனை வரை போனவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாராம். "என்னையே ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் சரின்னா" என்பார் லாரி ஓட்டும் அவருடைய வீட்டுக்காரர்.

நான் அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். பதினொரு வருடம் அக்காவோடு வேலை பார்த்திருக்கிறேன், அதில் பாதி நாள் எரிச்சலோடு.

அன்று மேஜையில் நான்கு வயதுப் பெண் குழந்தை. மூளைக்காய்ச்சல் வந்து போனதில், மூளைக்குள் நீர் வடியும் வழி அடைத்துக்கொண்டுவிட்டது. இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. மண்டையில் சிறு துளை போட்டு, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, நீர் தேங்கிய அறையின் அடித்தரையில் ஓர் ஓட்டை போட்டால் நீர் வேறு வழியாக வடிந்துவிடும். சொல்வது சுலபம். அந்தத் தரைக்குக் கீழே மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. அதில் பட்டால் பிள்ளையை மீட்பது கடினம். வழக்கமாகத் தரை மெல்லியதாக இருக்கும், ரத்தக்குழாய் துடிப்பது கேமராத் திரையிலேயே தெரியும். இந்தக் குழந்தைக்கோ அது தடித்து வெளுத்துக் கிடந்தது.

அதற்குத்தான் டாப்ளர். பேனா ரீஃபில் அளவுக் கம்பி. நுனிக்கு அடியில் ரத்தம் ஓடினால், கம்பியோடு இணைந்த பெட்டி உஷ் உஷ் என்று சொல்லிவிடும். அக்கா அந்த நுனியை முதலில் தன் கையுறையில் தேய்ப்பார். கரகரவென்று சத்தம் வந்தால்தான் டாக்டர் கைக்குப் போகும். அன்றும் தேய்த்தார், வந்தது. எனக்குக் காதைக் குடைந்தது. பெட்டியின் குமிழைத் திருகிச் சத்தத்தை அடியோடு குறைத்தேன், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று. அதற்குள் கேமரா விளக்கு மங்கியது. அதைச் சரிபார்க்கப் போனவன் பெட்டியைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

டாக்டர் நுனியை உள்ளே விட்டு அந்த அடித்தரையில் வைத்தார். பெட்டி மூச்சு விடவில்லை.

"இங்க ஒண்ணுமில்ல. இங்கயே போட்டுடலாம்" என்றார்.

"அதை வெளிய எடுங்க டாக்டர். இன்னொரு தரம் தேச்சுப் பாக்கறேன்" என்றார் அக்கா.

"இப்பத்தானே பாத்தீங்க சிஸ்டர்."

"பாத்தேன். குழாய் இல்லாத இடத்துலயும் லேசா ஒரு இரைச்சல் இருக்கும். இப்ப அதுவும் இல்லையே."

டாக்டர் முகம் கோணியது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். அக்கா தேய்த்தார். சத்தமே இல்லை. ஓடிப்போய்ப் பெட்டியின் குமிழைத் திருகினேன்.

டாக்டர் மறுபடி அதே இடத்தில் வைத்தார். உஷ், உஷ், உஷ். குழாய் நேர் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்திக் கேட்டார். மூன்று மில்லிமீட்டர் தள்ளி வெறும் இரைச்சல்தான். அங்கே மழுங்கிய கம்பியால் மெல்லக் குத்தி, சின்ன பலூனை விட்டு ஊதி ஓட்டையை அகலமாக்கினார். திரையில் துளி சிவப்பு இல்லை.

"சத்தத்தைக் குறைச்சது யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான் டாக்டர்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "இனிமே காது வலிச்சா உன் காதுல பஞ்சு வெச்சுக்கோ தம்பி. பெட்டியைத் தொடாத."

அன்று மாலை வராந்தாவில் குழந்தையின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "கண்ணு முழிச்சுட்டா சார். தண்ணி கேட்டா. நீங்கள்லாம் நல்லா இருக்கணும்."

அவர் பிடித்திருந்தது அந்தக் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்த கை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்கிட்ட சொல்லாதீங்க, வாங்க" என்று அக்கா இருந்த அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.