நான் துவைத்த பாலே செருப்பு

சென்ற மார்ச் ஒன்பது, காலை ஏழேகால் மணி, திண்டுக்கல்லில் சுள்ளென்ற வெயில். பெங்களூரிலிருந்து வந்திருந்த பேத்தியின் பாலே நடனச் செருப்பு அழுக்காகத் தெரிந்ததால், இருபது நிமிடம் ஊறவைத்துத் துவைத்தேன். நுனிவிரலில் நிற்கும்போது தாங்குகிற அதன் முனை கூழாகிவிட்டது. அது வெறும் துணியும் பசையும்தானாம். கஞ்சி போட்ட வேட்டி கட்டுகிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பெங்களூரில் அவளுக்கு ஆட்டத் தேர்வு.

"கூறு இருக்கா? இம்புட்டு விலை குடுத்து வாங்குனத யாருடி நனைச்சது?" என்று மகள் பேத்தியிடம் கத்தினாள்.

"நான்தாம்மா," என்றாள் பேத்தி.

பிறகு என்னிடம் வந்து, "விடுங்க தாத்தா. அந்தக் காலத்துல ஆடுனவங்களுக்கு இந்த விறைப்பே கிடையாது. பட்டுச் செருப்போட முனைய நூலால தச்சு இறுக்கிட்டுத்தான் விரல்ல நின்னாங்க," என்றாள்.

காலைக் கடிக்கும் பழைய ஜோடியில் ஆடித் தேறினாள். நான்கு விரல்களில் பிளாஸ்திரி. மகளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது. புதுச் செருப்புக்கு எட்டாயிரத்து நானூறு ரூபாய் ஆனது.