காய்கறித் தட்டில் ஒரு குளிர்காலம்

துபாய் கராமாவில் எங்கள் ஃப்ளாட்டின் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வருடம் குளிர்காலம் இருந்தது. காய்கறித் தட்டின் இடது மூலையில், பத்துக் கிழங்குகளோடு.

என்னோடு வேலை பார்த்த டச்சுப் பெண்மணி ஒருவர் நிரந்தரமாக ஊர் திரும்பும்போது என் மகளுக்கென்று கொடுத்தவை அவை. குட்டி டாஃபடில். அவர் நாட்டில் பனிக்கடியில் மாதக்கணக்கில் கிடந்து, பனி உருகியதும் மஞ்சளாகப் பூக்குமாம். துபாயில் பனிக்கு எங்கே போவது, மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், குளிர் பட்டால்தான் பூக்கும் என்றார். ஆறு வயது மகள் காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தாள். அவர் கொடுத்த காகிதப் பை ஈரத்தில் கிழிந்துபோனது. கிழங்குகளைத் தமிழ் நாளிதழில் பொட்டலமாகச் சுற்றினேன். சுற்றியது நான்தான்.

கார்த்திகையில் என் மனைவி தன் தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் ஊருக்குப் போனாள். அந்தச் சமயத்தில்தான் கீழ் ஃப்ளாட்டுக்காரர் லீவு முடிந்து திரும்பினார். கீழக்கரைக்காரர், தேராவில் துணிக்கடை வைத்திருந்தார். கையில் ஒரு நாளிதழ்ப் பொட்டலம்.

"தம்பி, உம்மா குடுத்து விட்டது. சின்ன வெங்காயம். பெரிய வெங்காயம் போட்டு நீங்க வைக்கிறதெல்லாம் ஒரு குழம்பா?"

ஊரிலிருந்து வரும் சின்ன வெங்காயத்தை எங்களில் யாரும் வெளியே வைப்பதில்லை. அந்தச் சூட்டில் முளைத்துவிடும். அதையும் காய்கறித் தட்டில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை, விடுமுறை. மதியத்துக்கு வத்தக்குழம்பு வைக்கலாம் என்று பொட்டலத்தை எடுத்து, ஏழு வெங்காயம் உரித்தேன். கண் எரியவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்ததால் காரம் போயிருக்கும் என்று நினைத்தேன். விரல் நுனி அரித்தது. புளிக்கரைசலாக இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

நெய் விட்டுச் சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினேன்.

"அப்பா, கசக்குது."

"வெந்தயம் கூடிப்போச்சும்மா. சாப்பிடு."

"நோ அப்பா. ரொம்பக் கசக்குது."

"அம்மா இல்லேன்னா அடம் பிடிப்பியா? முழுங்கு."

நாலு வாய் முழுங்கினாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. பிறகு வாந்தி. நின்றது என்று நினைத்தபோது மறுபடியும். எலுமிச்சை பிழிந்து கொடுக்கலாம் என்று காய்கறித் தட்டை இழுத்தேன். கீழ் வீட்டுப் பொட்டலம் சணல் கட்டு அவிழாமல் வலது பக்கம் இருந்தது. இடது பக்கத்தில், பிரித்துச் சுருட்டிய தாளுக்குள் மூன்றே கிழங்குகள்.

அந்த மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகளைத் தூக்கித் தோளில் சாய்த்து இறங்கினேன். ஜும்மா நேரம். கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. தெருவில் ஒரு டாக்ஸி இல்லை. அவ்வளவு வெயிலில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தோள் நனைந்துகொண்டே இருந்தது. அவள் உடம்பு கனத்துக்கொண்டே வந்தது. தொழுகை முடிந்து கீழ் ஃப்ளாட்டுக்காரர் தெருமுனையில் திரும்பி வருவதைப் பார்த்ததும் ஓடினேன்.

"அண்ணே, வெங்காயம்னு பூக்கிழங்க ஆக்கிக் குடுத்துட்டேன்."

அவர் சாவியை எடுத்தார். "வண்டில ஏறுங்க" என்றார். வழியெல்லாம் அவர் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. ஒரு சிக்னலில் மட்டும், "நான் அந்த வெங்காயத்தக் கொண்டாராம இருந்திருக்கலாம் தம்பி" என்றார்.

மருத்துவமனையில் டாக்டர் கிழங்கை முகர்ந்து பார்த்தார். எத்தனை சாப்பிட்டாள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சோற்றோடு எவ்வளவு மசிந்து போனது என்று எந்தத் தகப்பன் கணக்கு வைத்திருப்பான்? ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். பொழுது சாயும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். திரையில் எழுந்து விழுந்த பச்சைக் கோட்டைப் பார்த்தபடி நின்றேன். அது விழும்போதெல்லாம் எழுமா என்று காத்திருந்தேன்.

மாலையில் கண் திறந்தாள்.

"அப்பா, நாம என் ஃப்ளவர்ஸச் சாப்பிட்டுட்டோமா?"

"மூணு இருக்கும்மா" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டதால் அவற்றைத் தூக்கி எறிய முடியவில்லை. மறுபடியும் ஃப்ரிட்ஜில், இந்த முறை மூடி போட்ட டப்பாவில் வைத்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து கட்டங்களை அடித்தாள். மனைவியிடம் போனில் நான் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகும் சொல்லவில்லை.

ஜனவரியில் தொட்டியில் நட்டோம். பிப்ரவரி கடைசியில் மூன்றும் பூத்தன. பால்கனியின் தூசிக்கும் ஏசி நீர் சொட்டுக்கும் நடுவே அந்த மஞ்சள் அத்தனை சுத்தமாக இருந்தது. மனைவி எதிர் ஃப்ளாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினாள். மகள் குனிந்து பூவுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனபோது நான் அவள் தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"ஸ்மெல் பண்றேன்ப்பா. அவ்ளோதான்."

பூ வாடியதும் மனைவி தொட்டியைக் கிளறி ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினாள். "அச்சு அசல் சின்ன வெங்காயம்தாங்க. அடுத்த வருஷத்துக்கும் ஃப்ரிட்ஜுல வச்சுக்கலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்.

"வேண்டாம்மா. அது கசக்கும். நான் சொன்னேன், அப்பாதான் முழுங்கச் சொன்னாங்க."

மனைவி கையிலிருந்த கிழங்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.