ஏழு முறை, மூன்று பேர்

லமினேட் செய்த பொருள் என்று எங்கள் வீட்டில் அப்போது மூன்றுதான் இருந்தன. அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், சாமியறைப் பிள்ளையார் படம். எனக்குப் பதினொரு வயதான ஆண்டில் நான்காவதாக ஒன்று சேரப்போகிறது என்று சின்ன மாமா அறிவித்தார். அது என்னுடைய கையெழுத்தில்தான் இருக்கும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. லிங்கநகரில் எங்களோடுதான் இருந்தார். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் அவருக்கு வேலை. வெள்ளைக்காரர்கள் மறந்துவிட்டுப்போகும் பொருட்கள் மூன்று மாதம் கேட்பாரில்லாமல் கிடந்தால் அவரைத்தான் வந்துசேரும். அப்படி ஒரு நீச்சல் கண்ணாடியும், எங்கள் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத நாலைந்து புத்தகங்களும் ஏற்கனவே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தன. அந்த வருடம் வந்தது ஒரு பெட்டி. அதற்குள் தேன்கூடுபோல் ஆறுமூலைக் கட்டங்கள் போட்ட பெரிய வரைபடம், சின்னச் சின்ன மட்டைக் காய்கள், இரண்டு பகடை. படைகளை நகர்த்திச் சண்டைபிடிக்கும் விளையாட்டு அது.

"சண்டை முடிஞ்சு இப்பதான் சனம் மூச்சு விடுது. நீ அதைப் பெட்டியில போட்டு வீட்டுக்க கொண்டு வாறாய்" என்று அம்மா ஏசினார். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டியில் ஒரு குறை இருந்தது. அதனுடன் சம்பவ அட்டைகள் என்று ஒரு கட்டு வரவேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை முறை காய் நகர்த்தலாம், என்ன செய்தால் வெற்றி என்று ஒவ்வொரு அட்டையும் ஒரு சண்டையைச் சொல்லும். அட்டை இல்லாவிட்டால் வரைபடமும் காயும் சும்மா. அந்தக் கட்டு மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்க ஏலாமல் போயிருந்தது. மாமா மனம் தளரவில்லை. விடுதியின் பழைய பதிவு அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, நாங்களே எழுதுவோம் என்றார்.

அட்டை எழுதுவதற்கு அவர் வைத்த சட்டம் கண்டிப்பானது. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. அட்டையை வாசித்து முடிப்பதற்குள் அவருடைய தேத்தண்ணி ஆறக்கூடாது. முதலில் பென்சிலால்தான் எழுத வேண்டும். மூன்று தரம் விளையாடிப் பார்த்து, இரண்டு பக்கத்துக்கும் வெல்ல வழியிருந்தால் மட்டும் பேனையால் எழுதலாம். பேனை ஏறிய அட்டைகளில் மிகத் திறமானதை ஆவணி விடுமுறை முடிய பஸ் நிலையத்தடிப் போட்டோக்கொப்பிக் கடையில் லமினேட் செய்து, பெட்டிக்குள் நிரந்தரமாக வைப்பார்.

நான் வகுப்பில் கட்டுரைக்கு முதலாம் ஆள். ஆகவே கட்டுரைதான் எழுதினேன். என் முதல் அட்டையில் ஒரு அரசன், அவனுக்கு மூன்று தளபதிகள், தளபதிகளின் குதிரைகளுக்குப் பெயர், கோட்டைக்குள் அழுதுகொண்டிருக்கும் இளவரசி, அன்றைய காற்றின் திசை எல்லாம் இருந்தன. இடம் போதாமல் இன்னும் இரண்டு அட்டைகளை ஊசியால் குத்தி இணைத்தேன். மாமா வாசித்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணியில் ஆடை படிந்தது. "இளவரசி ஏன் அழுறா எண்டது ஆட்டத்துக்குத் தேவையோ, பிள்ளை?" என்று கேட்டார். அவ அழாவிட்டால் யாருக்காகச் சண்டை பிடிப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அந்த அட்டையை மதிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரம், தெருவில் திரியும் மான்களில் ஒன்று வந்து அதைத் தின்றுவிட்டது. எங்கள் ஊர் மான்களுக்குப் புல்லும் கடதாசியும் ஒன்றுதான். என் கதையைக் கடைசிவரை முடித்தது அந்த மான் மட்டும்தான் என்று மாமா வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. போட்டிக்கு வேறு ஆள் இல்லை.

பிறகுதான் பெரியம்மாவும் அவருடைய மகனும் எங்களிடம் வந்தார்கள். பெரியம்மா அம்மாவின் அக்கா. குடாக்கடலுக்கு அக்கரையில் இருந்த அவர்களுடைய ஊர் சண்டையில் கலைந்துபோய், முகாமிலும் பிறகு மட்டக்களப்பில் சொந்தக்காரர் வீட்டிலுமாகச் சில வருடங்கள் இருந்தவர்கள். பெரியப்பா வரவில்லை. பிறகு வருவார் என்று எனக்குச் சொல்லப்பட்டது, நானும் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு வேறு கவலைகள் இருந்தன. அந்தப் பொடியன் என்னைவிடப் பத்து மாதம் இளையவன், என் வகுப்பிலேயே சேர்ந்தான். மாமாவின் சைக்கிள் பாரில் நான் இருந்து போன இடத்தில் இப்போது அவன் இருந்தான். நான் வளர்ந்துவிட்டேனாம், பின்னால் கரியரில் இருக்கட்டுமாம்.

அவனைப் பிடிக்காமல் போக எனக்குக் காரணங்களுக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை. செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பான். ஊத்தைச் செருப்பு என்று அம்மாவிடம் முறையிட்டேன், "விடு பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அவன் எதற்கும் சண்டைக்கு வருவதில்லை, அதுவே எனக்குப் பெரிய ஆத்திரம். எல்லாவற்றையும்விட, அவன் கேட்காமலே மாமா அவனுக்கு ஒரு கட்டு அட்டை கொடுத்தார்.

இரண்டு கிழமையாக அவன் ஒன்றும் எழுதவில்லை. நான் அதற்குள் பதினொரு அட்டை எழுதியும் ஒன்றுக்கும் பேனை ஏறவில்லை. பிறகு ஒருநாள் கணக்குக் கொப்பிக்குள் இருந்து ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். மாமாவுக்குக் காட்டுவதற்கு முதல் எனக்குக் காட்டினான். அதில் இவ்வளவுதான் இருந்தது:

கோயிலடியில் மூன்று பேர். துறைக்கு நாலு கட்டம். ஒரு முறைக்கு இரண்டு பேர்தான் நகரலாம், ஆளுக்கு ஒரு கட்டம். எதிரி பகடை போடுவார். 1 விழுந்தால் அந்த முறை எல்லாரும் படுத்திருக்க வேணும். 7 முறை. மூன்று பேரும் வள்ளத்தில் ஏறினால் வெற்றி.

"ஏன் ரெண்டு பேர்தான் நகரலாம்?" என்று கேட்டேன்.

"ஒராள் நிண்டு பாக்க வேணும், அக்கா."

வரைபடத்தை விரித்து அங்கேயே விளையாடினோம். அவன் பகடை போட்டான். நான் முன்னால் நின்ற இரண்டு பேரையும் விறுவிறுவென்று கொண்டுபோய் வள்ளத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மூன்றாவது ஆள் கோயிலடியிலேயே நிற்கிறார், மிச்சம் மூன்று முறைதான். தோற்றேன். இரண்டாந்தரம் யோசித்தேன். ஆளுக்கு ஆள் மாறி மாறி நிற்க வேண்டும். ஒருவர் நிற்க இருவர் போய், பிறகு போன ஒருவர் நின்று, நின்றவர் வந்து. அப்படிப் போனால் ஆறு முறையில் மூன்று பேரும் போய்ச் சேரலாம். ஒருதரம் படுத்திருக்க நேர்ந்தாலும் தாங்கும், ஏழாவது முறை அதற்குத்தான். மூன்றாவது காயை வள்ளத்தில் வைத்தபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. நான் எழுதிய அத்தனை அட்டையிலும் ஒன்றுகூட எனக்கு அப்படிச் செய்ததில்லை.

"நல்லாயிருக்கோ, அக்கா?"

"பரவாயில்லை" என்றேன்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குதிரையில்லை, அரசனில்லை, ஆறு ஏழு வரி, அதிலும் எழுத்துப் பிழைகள். ஆனால் தேத்தண்ணி வாய்க்குப் போவதற்குள் வாசித்துவிடலாம். மாமா அதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்கு அவருடைய குரலிலேயே கேட்டது. லமினேட் மினுக்கத்துக்குள் அவனுடைய கோணல் எழுத்து தெரிந்தது. பொறாமை என்ற சொல்லை அதுவரை கட்டுரையில் எழுதியிருக்கிறேன், அது வயிற்றில் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாமா விளையாடிப் பார்க்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அவன் கிணற்றடியில் குளிக்கப் போனதும் கணக்குக் கொப்பியைத் திறந்தேன். அழிறப்பரால் 7-ஐ அழித்தேன். அவன் எழுதுவதுபோலத் தலை பெருத்த 5 ஒன்றைப் போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. தொட்டிருந்தால் பிடிபட்டிருப்பேன். ஒரே ஒரு இலக்கம், அட்டை செத்தது. இவ்வளவு சுருக்கமாக நான் ஒன்றைச் செய்து முடித்தது அதுதான் முதல்தரம்.

பின்னேரம் முன்விறாந்தையில் பாய் போட்டு வரைபடத்தை விரித்தோம். மாமா அட்டையை வாசித்து, "அடேயப்பா" என்று மெல்லச் சொன்னார். அவர் மூன்று பேரையும் எடுத்துக்கொண்டார், நான் எதிரியாகப் பகடை போட்டேன். ஒன்று விழவேயில்லை, இருந்தும் ஐந்தாவது முறை முடிய இரண்டு பேர் வள்ளத்தில், ஒருவர் நடுவழியில். மாமா ஆளை மாற்றி மாற்றி நகர்த்திப் பார்த்தார். மூன்றாந்தரமும் யாரோ ஒருவருக்குத் துறை எட்டவில்லை. விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"மூண்டு பேர், நாலு கட்டம், பன்ரெண்டு நகர்வு. அஞ்சு முறையில பத்துத்தான் வரும். இது ஏலாது, மகன். ஆரோ ஒராள் மிஞ்சுவார். எங்கயோ கணக்குப் பிழைச்சுப் போச்சு."

எனக்குள் இனித்தது. அவனைப் பார்க்காமல் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் அட்டையை வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்தான். அழித்த இடத்தில் கடதாசி கொஞ்சம் பஞ்சாகியிருந்தது, அந்த இடத்தை விரலால் தடவினான். இப்போது சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன், மறுப்பதற்கு நாலு பொய் தயாராக வைத்திருந்தேன்.

"பிழை இல்லை, மாமா" என்றான் பிறகு. "அஞ்சுதான்."

"அப்ப ஒராள் நிக்க வேண்டி வருமே."

"ஓம். ஒராள் நிப்பார்."

என்னிடம் கையை நீட்டி அழிறப்பரைக் கேட்டான். கொடுத்தேன். கடைசி வரியை அழித்துவிட்டு, பென்சிலை அழுத்தி வேறொன்று எழுதினான். 'இரண்டு பேர் வள்ளத்தில் ஏறினால் ஆட்டம் முடிஞ்சுது.' வெற்றி என்ற சொல் அதில் இல்லை.

பெரியம்மா தேத்தண்ணித் தட்டோடு மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் கோப்பையைக் கொடுக்காமல், தட்டோடு குசினிக்குத் திரும்பிப் போய்விட்டார். அம்மா எழும்பிப் பின்னால் போனார். எனக்குக் கிடைக்கவேண்டிய தேத்தண்ணி போனதும் அவனால்தான் என்று பட்டது.

மாமா சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்து, அவனுடைய பென்சில் எழுத்தின் மேலேயே ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டு போனார். பிழைகளைக்கூடத் திருத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அது வெல்ல ஏலாத அட்டை, மாமா. உங்கட சட்டப்படி அது செல்லாது" என்று கத்தினேன்.

"ஓம் பிள்ளை, செல்லாதுதான்" என்றார். திங்கட்கிழமை அதைத்தான் கொண்டுபோய் லமினேட் செய்துகொண்டு வந்தார்.

நான் கெடுத்த அட்டைக்கே பரிசு போனது எனக்கு ஆறவில்லை. கெடுக்காமல் விட்டிருந்தாலும் அதற்குத்தான் போயிருக்கும் என்பது இன்னும் ஆறவில்லை. சில நாட்கள் அவனை ஒரு மோடன் என்று நினைத்துத் தேறினேன், தன் இலக்கத்தையே அடையாளம் தெரியாத மோடன். பிறகு, தெரிந்துகொண்டும் என்னை மாட்டுவதற்கு நேரம் பார்க்கிறான் என்று பயந்தேன். அவன் மாட்டவேயில்லை. சைக்கிளில் கரியரில் தான் இருக்கிறேன் என்று அவனாகவே ஒருநாள் இடம் மாறிக்கொண்டான். அதையும் நான் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

அவர்களுடைய வள்ளத்தின் கதையைப் பெரியம்மா எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகம் போன பிறகு. மகனும் அவரும் ஏறிவிட்டார்கள். பெரியப்பா பின்னால் நின்று பாதையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், வந்துகொண்டும் இருந்தாராம், ஆள் தெரிகிற தூரம். செல் குண்டுகள் விழத்தொடங்கவே வள்ளக்காரன் வள்ளத்தைத் தள்ளிவிட்டான். "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா ஏறியிருப்பார்" என்று சொல்லிவிட்டு, அரிசியில் கல் பார்ப்பதைத் தொடர்ந்தார்.

பதினொரு வயதில் எனக்கு எண்ணத் தெரிந்தது முறைகளையும் கட்டங்களையும் மட்டும்தான். ஏழு என்று அவன் எழுதியது ஆட்டத்துக்குச் சரியான கணக்கு என்று நினைத்திருந்தேன். இரண்டு கிழமை யோசித்து, தன் தகப்பன் வந்து ஏறுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவையும் அவன் அந்த அட்டையில் கொடுத்திருந்தான். அதைத்தான் முதலில் எனக்குக் காட்டினான். நான் பரவாயில்லை என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நேரத்தை அழித்தேன்.